தேங்கிய நீரும் கொல்லா நோன்பும்



நம் இல்லங்களில் பிறந்த குழந்தை நடை பயிலத் தொடங்கியதும் கேட்கும் முதல் அறிவுரை, "எறும்பை மிதிக்காதே, பார்த்து நட" என்பதாகும். எழுத்தறிவதற்கு முன்பே உயிரிரக்கத்தை ஊட்டும் மரபு நம்முடையது. அதில் நமக்குப் பெருமிதம் உண்டு, இருக்கவும் வேண்டும். ஆயினும் அந்தப் பெருமிதத்தின் பெயரால் நகரங்களில் வாழும் நம்மவர் சிலர் செய்துவரும் ஒரு செயலைப் பற்றி இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வரும் மாநகராட்சிப் பணியாளரை, "நாங்கள் ஜைனர்கள், எங்கள் வீட்டுத் தொட்டியில் மருந்து ஊற்றக் கூடாது" என்று கூறி வாயிற்படியிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றனர். அனுப்பியபின், ஓர் இம்சையைத் தடுத்துவிட்டோம் என்று மனநிறைவும் கொள்கின்றனர். இது கொல்லாமை நோன்புக்கு இயைந்த செயல்தானா? ஆசாரியர்கள் காட்டிய வழியில் நின்று இதனை ஆராய்வோம்.

இம்சை எங்கே பிறக்கிறது?

உயிர் போனால் இம்சை, போகாவிட்டால் அகிம்சை என்று எண்ணுவது உலக வழக்கு. நம் ஆகமங்கள் அவ்வளவில் நிற்கவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தை அருளிய உமாஸ்வாமி ஆசாரியர், இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தை முன்னே வைக்கிறார். பிரமாதம் என்னும் சொல்லை இக்காலத்தில் "மிக நன்று" என்ற பொருளில் வழங்குகிறோம். ஆகமத்தில் அதன் பொருள் வேறு. கருத்தின்மை, சோர்வு, விழிப்பில்லாமை என்பனவே அங்குப் பொருள். பழந்தமிழில் இதனைப் பொச்சாப்பு என்பர். அத்தகைய சோர்வோடு கூடிய மனம், மொழி, மெய்களால் உயிர்க்கு ஊறு நேருமாயின் அதுவே இம்சை என்பது ஆசாரியர் கருத்து.

பொன்னூர் மலையில் தவமியற்றியவராக நாம் வழிபடும் குந்தகுந்த ஆசாரியர் இதனை இன்னும் தெளிவுபடுத்துகிறார். விழிப்பின்றி ஒழுகுவோனுக்கு, எதிரே உள்ள உயிர் இறந்தாலும் பிழைத்தாலும் இம்சையின் குற்றம் உறுதி என்கிறார். விழிப்போடு ஒழுகுவோனுக்கோ, தன்னை மீறி ஓர் உயிர்க்கு ஊறு நேர்ந்தாலும் அந்த அளவில் வினை ஒட்டுவதில்லை என்கிறார். எனவே, "நான் எதையும் கொல்லவில்லை" என்று சொல்வது மட்டும் போதாது. "நான் விழிப்போடு இருந்தேனா?" என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இல்லறத்தார் ஒழுக்கத்தை விரித்துரைத்த சமந்தபத்திர ஆசாரியர், பயனின்றி உயிர்க்கு ஊறு விளைக்கும் அனர்த்த தண்டங்களை ஐந்தாக எண்ணுகிறார். அவற்றுள் ஒன்று பிரமாதசரியை. காரணமின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை வீணே இறைத்தல், தீயை மூட்டுதல், செடிகொடிகளைச் சிதைத்தல் ஆகியவை இதனுள் அடங்கும். மாடியில் எவருக்கும் பயன்படாமல் பத்து நாள் தேங்கிக் கிடக்கும் வாளித் தண்ணீரை இதன் கீழ்ச் சேர்க்காமல் வேறு எதன் கீழ்ச் சேர்ப்பது? அந்த நீர் நமக்குப் பயன்படவில்லை. ஆயிரம் சிற்றுயிர்கள் பிறப்பதற்கும், பிறந்தபின் மருந்தாலும் புகையாலும் மடிவதற்கும் மட்டுமே அது பயன்பட்டது.

இன்னொன்றும் கருதத் தக்கது. வினை மூன்று வழியாக வந்து சேரும் என்று கற்றிருக்கிறோம். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்பன அவை. நம் வீட்டு நீரில் பிறந்த கொசுக்களுக்காகத் தெருவெங்கும் புகை அடிக்கப்படுமாயின், அந்தக் கொலை நம் கையால் நிகழவில்லை என்பது உண்மையே. ஆனால் அதற்குக் காரணத்தை ஆக்கி வைத்தவர் எவர்? கையில் குருதி படவில்லை என்பதனால் கணக்கிலும் படவில்லை என்று கருதுவது நம் சமயம் கற்பித்த கணக்கு அன்று.

கொசுவின் நான்கு பருவங்கள்

கொசுவை நம் நூல்கள் நாலறிவுயிராக வகுத்துள்ளன. மெய், வாய், மூக்கு, கண் ஆகிய நான்கு பொறிகளை உடையது அது. பள்ளிச் சுவரில் மாட்டிய படத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்னும் நான்கு பருவங்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். முதல் மூன்று பருவங்களும் நீரில்தான் கழியும். நம் நாட்டின் வெப்பத்தில், முட்டையிலிருந்து கொசுவாகப் பறப்பதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன. குருதி உறிஞ்சுவது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர்வதற்கு அதற்குக் குருதி தேவைப்படுகிறது. ஆண் கொசு செடிகளின் சாற்றையும் தேனையும் உண்டு வாழ்கிறது. அதற்கு நம்மீது பகையும் இல்லை. பெண் கொசுவுக்கும் இல்லை. தன் குஞ்சுகளுக்காக அது உணவு தேடுகிறது, அவ்வளவே. ஆகவே கொசுவைப் பகைவன் என்று கருதிச் சினங்கொள்வது நமக்குத் தகாது.

நகரத்தில் நோய் பரப்பும் கொசுக்கள் மூன்று வகையின. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு, கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் உள்ள தூய நீரில் முட்டையிடும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு மலேரியா நோயாளிகளுள் பெரும்பகுதியினர் சென்னை மாநகரத்தவராகவே இருந்ததற்கு, மூடாத கிணறுகளும் தொட்டிகளும் முதன்மையான காரணம். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் கழிவுநீரிலும் பெருகும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் உள்ள சிறு கலங்களைத் தேடிச் செல்லும். பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பயன்படாது கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி ஆகிய இவையே அதற்குக் குளங்கள்.

இந்த ஏடிஸ் கொசுவைப் பற்றி மூன்று செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். அது பகலில் கடிப்பது. தன் முட்டைகளை நீரில் இடாமல், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கலத்தின் சுவரில் ஒட்டி வைப்பது. அம்முட்டைகள் நீரின்றி வறண்ட நிலையிலும் மாதக்கணக்கில் அழியாமல் இருந்து, நீர் பட்டதும் பொரியும். மூன்றாவதாக, அது நெடுந்தொலைவு பறப்பதில்லை. பிறந்த இடத்திலிருந்து சில நூறு அடிகளுக்குள்ளேயே பெரும்பாலும் வாழ்ந்து முடிகிறது. நம் வீட்டில் பிறந்த கொசு நம்மையும், நம் பக்கத்து வீட்டாரையும், எதிர்வீட்டுக் குழந்தையையுமே கடிக்கும் என்பதே இதன் பொருள்.

கதவைத் தட்டுகிறவர் யார்?

மனிதர் நோயுறுவதற்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு நெடுங்காலம் அறியப்படாமலே இருந்தது. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் பணியாற்றிய ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். அதன்பின்னரே, நோயாளிக்கு மருந்து கொடுப்பதோடு நீர்த்தேக்கங்களையும் கவனிக்க வேண்டும் என்பது அரசுகளுக்குப் புலனாயிற்று. சென்னை மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. கொசு உற்பத்தியாகும் வகையில் நீரைத் தேக்கி வைக்கலாகாது என்பதும், சுகாதாரப் பணியாளர் வீடுகளுக்குள் வந்து பார்வையிடலாம் என்பதும் அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. எனவே நம் கதவைத் தட்டுகிறவர் தாமாக வந்தவர் அல்லர். ஊரார் அனைவரின் உடல்நலத்தைக் காக்கும் பொறுப்பை உள்ளாட்சி அவரிடம் ஒப்படைத்திருக்கிறது.

2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். உயிரிழந்தோருள் சிறுவர் சிறுமியரும் இருந்தனர். அவ்வாண்டில் கொசுப்புழு காணப்பட்ட வீடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் உள்ளாட்சிகள் அறிவிப்பு அனுப்பித் தண்டமும் விதித்தன. தண்டத்திற்கு அஞ்சித் தொட்டியை மூடியோர் பலர். கொல்லா நோன்பினராகிய நாம், தண்டத்திற்கு அஞ்சாமல் அறத்திற்கு அஞ்சி அதனைச் செய்திருக்க வேண்டும்.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். மழைக்காலத்தில் ஒரு நாள், நம் சமூகத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவரின் வீட்டில் நான் இருந்தபோது, கையில் ஒரு கரண்டியும் டார்ச் விளக்கும் மருந்துப் புட்டியுமாக மாநகராட்சிப் பெண் பணியாளர் ஒருவர் வந்தார். அம்மையார் கனிவானவர், பருவநாள் தவறாமல் உபவாசம் இருப்பவர். "நாங்க பூச்சி புழுவைக் கொல்றவங்க இல்லேம்மா. மருந்து எல்லாம் வேண்டாம்" என்று அவர் தடுத்தார். அந்தப் பெண் வாதிடவில்லை. பின்கட்டில் கிடந்த பழைய ஆட்டுக்கல்லின் குழியிலிருந்து ஒரு கரண்டி நீரை முகந்து, விளக்கொளியில் காட்டினார். உள்ளே நெளிந்துகொண்டிருந்தவற்றை எண்ண இயலவில்லை. "நானும் கொல்றதுக்குன்னு வரலீங்கம்மா. எட்டு நாளைக்கு முன்னாடி நீங்க இந்தத் தண்ணியை எடுத்து விட்டிருந்தா, எனக்கு இங்க வேலையே இல்லை" என்றார் அவர்.

அம்மையார் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அடுத்த வாரம் நீ வர்றப்போ உனக்கு இங்க வேலை இருக்காதும்மா" என்றார். ஆகமம் பயின்றவரல்லர் அந்தப் பணியாளர். ஆயினும் ஆசாரியர்கள் கூறிய விழிப்பை அவர் ஒரே சொற்றொடரில் எடுத்துரைத்துவிட்டார். அதே தெருவில் அந்த மழைக்காலத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி டெங்குவால் மருத்துவமனையில் கிடந்தாள். நல்வினைப் பயனாகப் பிழைத்து வீடு திரும்பினாள். அவளைக் கடித்த கொசு எந்த வீட்டில் பிறந்தது என்பதை எவராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதனாலேயே அத்தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டாரும் அதனை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவராகின்றனர். நம் நோன்புக்கு உரிய விலையை நாமே கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டுக் குழந்தை கொடுக்கலாகாது.

ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு

ஒன்பது பதார்த்தங்களைச் சிறு வயதிலேயே மனனம் செய்திருக்கிறோம். வினை உள்ளே வருவது ஊற்று. வரும் வழியை அடைப்பது செறிப்பு. முன்பே சேர்ந்துள்ள வினையைக் கழிப்பது உதிர்ப்பு. ஓட்டையுள்ள ஓடத்தில் புகும் நீரை உவமையாகக் காட்டி இதனை விளக்குவது நம் பெரியோர் வழக்கம். ஓட்டையை அடைக்காமல் நீரை மட்டும் இறைத்துக்கொண்டிருப்பவன் கரை சேர்வதில்லை. செறிப்பு முன்னும் உதிர்ப்பு பின்னுமாக அமைந்ததன் காரணம் இதுவே.

நகரத்துக் கொசுவுக்கும் இந்த முறையே பொருந்துகிறது. மாலையில் வண்டியில் வந்து அடிக்கும் புகை, பறந்துகொண்டிருக்கும் கொசுக்களுள் ஒரு பகுதியை மட்டும் வீழ்த்துகிறது. நீரில் உள்ள புழுக்களை அது தொடுவதில்லை. நான்கு நாட்களில் அவை பறக்கத் தொடங்கியதும் மீண்டும் புகை வேண்டியிருக்கிறது. அப்புகையில் கொசு மட்டுமா மடிகிறது? பட்டாம்பூச்சியும் தேனீயும் மடியக்கூடும். புகைப் பொறியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகச் செல்லும் ஏழைப் பணியாளர் நாள்தோறும் அதனைச் சுவாசிக்கிறார். ஐயறிவுடைய அந்த உயிர்க்கு நேரும் ஊறும் நம் கணக்கில் வர வேண்டாமா?

நீர் தேங்காமல் தடுப்பதோ செறிப்பு. முட்டை இடுவதற்கே இடம் கொடாவிட்டால், அங்கே பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. ஒரு மூடி, ஒரு வலைத்துணி, வாரம் ஒருமுறை ஒரு தேய்ப்பு ஆகியவை போதும். சுகாதாரத் துறை "மூலத்திலேயே ஒழித்தல்" என்று கூறுவதும், நம் ஆகமம் "செறிப்பு" என்று கூறுவதும் ஒரே திசையை நோக்கியவை. அரசின் நோக்கம் மனிதர் நலம்; நம் நோக்கம் எல்லா உயிர்களின் நலம். ஆயினும் இரண்டும் நம் வீட்டுத் தொட்டியின் மூடியில் வந்து சந்திக்கின்றன.

முனிவர்களுக்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் கடைசியானது உத்சர்க்க சமிதி. கழிவுகளை எங்கே, எவ்வாறு விடுவது என்பதைப் பற்றியது அது. உயிர்கள் இல்லாத இடமாக, பின்னரும் உயிர்கள் பிறந்து மடியாத இடமாகப் பார்த்து விட வேண்டும் என்பது அதன் கருத்து. கழிவை அகற்றுவதையும் ஒரு நோன்பாக வைத்த சமயம் நம்முடையது. வீட்டுக் குப்பையைத் தெருமுனையில் வீசிவிட்டுக் கோயிலுக்குச் செல்பவர், முனிவரை வணங்குகிறார். ஆனால் அம்முனிவரின் ஒழுக்கத்தை வாசலிலேயே விட்டுச் செல்கிறார்.

நீரை வடிகட்டிப் பருகுவது நம் குலவழக்கம். துணியை இரட்டையாக மடித்து வடிகட்டி, அதில் தங்கியவற்றை நீர் எடுத்த இடத்திலேயே சேர்க்கச் சொன்னார்கள். அவ்வாறு வடிகட்டிய நீரும் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் கழிந்தால் மீண்டும் வடிகட்டத் தக்கது என்றார்கள். 48 நிமிடத்திற்கு ஒருமுறை நீரைப் பற்றி எண்ணச் சொன்ன மரபினர், பத்து நாள் ஒரு வாளியைத் திரும்பிப் பாராமல் இருப்பது எவ்வாறு பொருந்தும்?

சூரத் நகரம் கற்பித்த பாடம்

எலியின் செய்தியும் இத்தகையதே. குஜராத்தில் உள்ள சூரத் நகரம் ஜைனர் மிகுதியாக வாழும் வாணிகத் தலம். 1689-ஆம் ஆண்டில் அங்கு வந்த ஓவிங்டன் என்னும் ஆங்கிலப் பாதிரியார், அந்நகரத்து வணிகர்கள் விலங்குகளுக்கென நடத்திய மருத்துவமனையைக் குறித்து எழுதி வைத்துள்ளார். பூச்சிகளும் அங்கே பேணப்பட்டன என்றும், அவற்றிற்கு உணவாக இரவில் தங்குவதற்கு ஏழை ஒருவனைக் கூலிக்கு அமர்த்தினர் என்றும் அவர் வியந்து கூறுகிறார். பூச்சிக்கு இரங்கிய உள்ளம் வணங்கத் தக்கதே. ஆயினும் ஏழையின் உடலைக் கூலிக்கு வாங்கி அந்த இரக்கத்தைக் காட்டியது முறையா என்னும் வினா எழாமல் இல்லை. ஒரு சிற்றுயிர்க்குக் காட்டும் இரக்கத்தின் சுமையை வேறொருவர் உடல்மீது ஏற்றலாகாது என்பதை இதிலிருந்தும் நாம் அறிந்துகொள்ளலாம்.

அதே சூரத்தில் 1994-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிளேக் நோய் தோன்றியது. மழைவெள்ளத்திற்குப் பின் அகற்றப்படாத குப்பையும் சேறும் நகரில் குவிந்திருந்த காலம் அது. அச்சத்தால் இலட்சக்கணக்கான மக்கள் சில நாட்களுக்குள் நகரை விட்டு ஓடினர். மறு ஆண்டு மாநகராட்சி ஆணையராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ராவ், அதிகாரிகள் நாள்தோறும் தெருக்களில் இறங்கிப் பார்வையிடும் முறையை நிலைநாட்டினார். குப்பை அன்றன்று அகற்றப்பட்டது. தூய்மை விதியை மீறிய உணவகங்கள் தண்டிக்கப்பட்டன. ஓரிரு ஆண்டுகளில், நாட்டின் தூய நகரங்களுள் ஒன்றாகச் சூரத் பெயர் பெற்றது.

எலிகள் பெருகுவதற்கு நாம் எறியும் உணவே காரணம். உணவு கிடைக்காத இடத்தில் எலி பெருகுவதில்லை. பெருகாத எலிக்கு நஞ்சு வைக்க வேண்டியதும் இல்லை. எலிப்பாஷாணத்தைப் பிறர்க்கு எடுத்துக் கொடுப்பதும் இம்சாதானம் என்னும் அனர்த்த தண்டத்தில் அடங்கும். ஒட்டும் அட்டையில் சிக்கிய எலி உடனே இறப்பதும் இல்லை, மணிக்கணக்கில் துடிக்கிறது. இவற்றை நாடுவோர், அதற்கு முன் தங்கள் சமையலறையின் குப்பைக் கூடைக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தல் நன்று.

சில ஐயங்களும் தெளிவும்

"கலத்தில் புழு ஏற்கெனவே இருந்தால் என் செய்வது? கவிழ்த்தாலும் அது மடியுமே" என்று சிலர் வினவலாம். உண்மைதான். இங்கே நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது, அது உயிர்ச்சேதமே. இல்லறத்தாருக்கு முற்றாக விலக்கப்பட்டது, கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப இம்சை. அடுப்பு மூட்டல், வீடு கூட்டல் போன்ற ஆரம்பங்களில் நேரும் இம்சையும், காத்தலின் பொருட்டு நேரும் இம்சையும் இல்லறத்தாரால் முற்றும் தவிர்க்க இயலாதவை. ஆயினும் இயன்றவரை குறைக்க வேண்டியவை. எனவே அந்நீரை அகற்றுங்கள். சினமின்றி, இரக்கத்தோடு அகற்றுங்கள். அன்று மாலை பிரதிக்கிரமணத்தில் அதனையும் நினையுங்கள். மறுவாரம் அந்தக் கலத்தில் புழு தோன்றாமல் பார்த்துக்கொள்வதே அதற்கு உண்மையான கழுவாய்.

"கிணற்றில் கம்பூசியா மீன் விடச் சொல்கிறார்களே, ஓர் உயிர்க்கு மற்றோர் உயிரை இரையாக்கலாமா?" என்பது மற்றோர் ஐயம். புழு தின்னும் அம்மீனை விடுவது சுகாதாரத் துறையின் முறைகளுள் ஒன்று. மனம் ஒப்பாதவர் கிணற்றை இடைவெளியின்றி வலையிட்டு மூடலாம். மூடிய கிணற்றுக்கு மீனும் வேண்டா, மருந்தும் வேண்டா. மூடவும் மாட்டேன், மீனும் விடமாட்டேன், மருந்தும் ஊற்றவிடேன் என்பவர்க்கு மட்டுமே அறத்தில் இடம் இல்லை.

"குடிநீரில் மருந்து கலப்பது தீங்கல்லவா?" என்பாரும் உளர். தொட்டியில் இடும் அபேட் மருந்துக்கு, ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மில்லிகிராம் என்னும் மேல்வரம்பை உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அளவறிந்து இடும் பணியாளரைத் தடுப்பது முறையன்று. வேண்டாமென்று கருதுவோர், தொட்டியில் புழு இல்லாதபடி வைத்திருப்பதே முறை.

கொசுவை அடிக்கும் மின்மட்டையைப் பற்றியும் ஒரு சொல். பொறி பறக்கும் ஓசையைக் கேட்டுக் குழந்தைகள் கைகொட்டி மகிழ்வதை நம் இல்லங்கள் சிலவற்றிலும் காண்கிறேன். இது சங்கல்ப இம்சை. அதிலும் மகிழ்ச்சியோடு செய்வது. குழந்தையின் கையில் அந்த மட்டையைக் கொடுக்கும் பெற்றோர், நடை பயின்ற நாளில் தாங்கள் கற்பித்த எறும்புப் பாடத்தைத் தாங்களே அழிக்கின்றனர். கொசுவலை கட்டுங்கள், சன்னலுக்குக் கம்பிவலை இடுங்கள். வலைக்கு உள்ளே நாமும் வெளியே கொசுவுமாக இருவரும் உயிர் வாழலாம்.

நாம் மேற்கொள்ளத் தக்க நோன்பு

அட்டமி, சதுர்த்தசி நாட்களில் நோன்பிருப்பது நம் வழக்கம். தொட்டிகளைத் துலக்கும் பணியையும் அந்நாட்களில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் சதுர்த்தசியிலிருந்து அடுத்த அட்டமி வருவதற்கு ஒன்பது நாள் ஆகிறது. கொசு பறப்பதற்கு அது போதும். ஆதலின் வாரத்தில் ஒரு கிழமையை வரையறுத்துக்கொள்வதே நன்று. அன்று வீட்டிலும் மாடியிலும் உள்ள எல்லாக் கலங்களையும் காலி செய்து, முட்டை ஒட்டியிருக்கக்கூடிய உட்சுவரைத் தேங்காய் நாரால் நன்கு தேய்த்து, வெயிலில் உலர்த்துங்கள். பயன்படாதவற்றைக் கவிழ்த்து வையுங்கள். சிறுவர் சிறுமியரை உடன் அழைத்துக்கொண்டு, எந்தெந்த இடத்தில் நீர் தேங்குகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்துக் கவிழ்த்த ஒவ்வொரு கலமும் காக்கப்பட்ட உயிர்களின் கணக்கு என்று அவர்களுக்கு விளக்குங்கள். கொல்லாமையைக் குழந்தைகள் இவ்வாறு கைகளால் கற்கட்டும்.

நம் ஜினாலயங்களிலும் இந்தக் கவனம் வேண்டும். திருமஞ்சனத்திற்கு வைத்த கலங்கள், பூசைக் கிணறு, கால் கழுவும் தொட்டி, மாடியில் மழைநீர் தேங்கும் மூலை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வதை அறங்காவலர்கள் ஒருவர் பொறுப்பில் விட வேண்டும். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நம் ஊர்வீடுகள் பல, ஆண்டில் ஒருமுறை மட்டும் திறக்கப்படுகின்றன. பூட்டிக் கிடக்கும் அவ்வீடுகளின் கிணறும் தொட்டியும் ஊராருக்கு நோய் விளைக்காமல் மூடியிருக்கின்றனவா என்று பார்ப்பதும் நம் கடமையே. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அதனைச் செய்துவிட வேண்டும். மழைக்காலத்தில் உயிர்கள் மிகுதியாகத் தோன்றும் என்பதனாலேயே முனிவர்கள் நடமாட்டத்தைக் குறைத்து ஓரிடத்தில் உறைகின்றனர். அவர்கள் மழைக்கு முன் காட்டும் விழிப்பில் ஒரு சிறு பங்கையேனும் நாம் காட்டலாகாதா?

இனி, மாநகராட்சிப் பணியாளர் வந்தால் கதவைத் திறந்து உள்ளே அழையுங்கள். வெயிலில் அலைந்து வருபவர் அவர். பருகத் தண்ணீர் கொடுங்கள். கிணற்றையும் தொட்டியையும் நீங்களே அழைத்துச் சென்று காட்டுங்கள். கரண்டியில் முகந்த நீரை அவர் விளக்கொளியில் பார்த்துவிட்டு, "இந்த வீட்டில் ஒன்றும் இல்லை" என்று ஏட்டில் எழுதிச் செல்வாராயின், அந்த வாரம் அவ்வீட்டில் கொல்லா நோன்பு குறைவின்றி நிறைவேறியது என்று நாம் மகிழலாம்.

எல்லா உயிர்களும் இன்புறுக! நம் இல்லங்களில் விழிப்பு நிலைபெறுக! அருகப் பெருமான் திருவடி நம்மைக் காக்க!